காசா, காலி நேரமா? சின்ன ஜிம் ஊருக்கு எதைக் கொடுக்கலாம்

சிங்கப்பூரில் சின்ன அளவில் ஜிம் நடத்தும் நம்மவர்களுக்கு மூன்றாவது, நான்காவது வருடத்தில் ஒரு நினைப்பு வரும். வாடகை, கருவிகள் வாங்கிய கடன், பயிற்றுநர் சம்பளம் எல்லாம் போகக் கையில் கொஞ்சம் நிற்கத் தொடங்கியிருக்கும். 'நாமும் ஊருக்கு ஏதாவது செய்யணும்' என்று தோன்றும். தோன்றுவது நல்லதுதான். எதைச் செய்வது என்பதில்தான் பலர் திணறுகிறார்கள். கடைசியில் அவசரமாக ஒரு டி-சட்டை அச்சடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுப் போட்டுக் குதித்து, படம் எடுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

நான் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கிறவன். ஜிம், யோகா வகுப்பு, சிலம்பப் பள்ளி நடத்துகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். நிதியாண்டு முடிகிற நேரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக வைத்து ஒப்பிடுகிறேன். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஜிம்களிடம் காசைவிடத் தாராளமாக இருப்பது பகல் நேரம். காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு வரை விளக்கு எரிகிறது, ஏர்கான் ஓடுகிறது, பயிற்றுநர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒப்பிடுவதற்கு ஒரு கற்பனை ஜிம்மை எடுத்துக்கொள்வோம். ஃபேரர் பார்க் பக்கம், கடைவீட்டு வரிசையில் ஒரு தளம். தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தது. முழுநேரப் பயிற்றுநர் இரண்டு பேர், தேவைக்கு வந்துபோகும் பகுதிநேரக்காரர்கள் சிலர். வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி. வருடத்துக்கு 5,000 வெள்ளி வரை நல்லது செய்ய முதலாளிக்கு மனசு இருக்கிறது.

பணமாகக் கொடுப்பது

எல்லாவற்றிலும் சுலபம் இதுதான். ஐபிசி (Institution of a Public Character, பொதுநல அமைப்பு) என்ற தகுதி உள்ள அறநிறுவனத்துக்குப் பணமாகக் கொடுத்தால், கொடுத்த தொகையில் 250 விழுக்காட்டை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கொடுக்கும்போது உங்கள் நிறுவனத்தின் யூஇஎன் பதிவு எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அவர்களே விவரத்தை அனுப்பிவிடுவார்கள். நீங்கள் ரசீதைத் தேடி அலைய வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 250 விழுக்காடு என்றதும் கொடுத்ததைவிட அதிகம் திரும்பி வரும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கழிவது வருமானத்தில், வரியில் அல்ல. நம் கற்பனை ஜிம் 5,000 வெள்ளி கொடுத்தால் 12,500 வெள்ளி வருமானத்திலிருந்து கழியும். நிறுவன வரி 17 விழுக்காடு, அப்படியானால் 2,125 வெள்ளி மிச்சம் என்று சட்டென்று கணக்குப் போடத் தோன்றும். அதுவும் தவறு. நிறுவனங்களுக்கு வரிக்குரிய வருமானத்தின் முதல் 10,000 வெள்ளியில் 75 விழுக்காடும், அடுத்த 190,000 வெள்ளியில் பாதியும் ஏற்கெனவே வரிவிலக்கு. அதனால் 60,000 வெள்ளி வருமானம் உள்ளவர் மேல்பகுதிக்கு உண்மையில் கட்டுவது 8.5 விழுக்காடுதான். அவருக்கு மிச்சமாவது 1,062 வெள்ளி 50 காசு. ஆக, 5,000 வெள்ளி நன்கொடையில் அவர் கையிலிருந்து போவது ஏறக்குறைய 3,940 வெள்ளி. அவ்வப்போது பட்ஜெட்டில் வரும் தள்ளுபடிகளை நான் இதில் சேர்க்கவில்லை. தொடங்கி மூன்று வருடத்துக்குள் இருக்கும் நிறுவனங்களுக்கு முதல் 100,000 வெள்ளிக்கே 75 விழுக்காடு விலக்கு இருப்பதால் மிச்சம் இன்னும் குறையும். லாபமே இல்லாத வருடத்தில் கொடுத்தால் கழிவை அடுத்த ஐந்து வருடம் வரை எடுத்துப் போகலாம்.

வரிக்காகக் கொடுக்காதீர்கள் என்பதுதான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதன் காரணம். கொடுக்க மனசு இருந்தால் வரிச்சலுகை ஒரு சின்னக் கொசுறு, அவ்வளவே.

யாருக்குக் கொடுப்பது? நம் பக்கத்தில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 1991இல் தொடங்கிய சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கிறது. யீஷூனில் முதியோர் இல்லம் நடத்தும் ஸ்ரீ நாராயண மிஷன் இன மத வேறுபாடு பார்ப்பதில்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவ உதவி செய்யும் ஹெல்த்சர்வ் 2006 முதல் இயங்குகிறது. எதுவானாலும் கொடுப்பதற்கு முன்னால் அறநிறுவன இணையவாசலில் ஐபிசி தகுதி நடப்பில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அந்தத் தகுதி ஒரு காலத்துக்குத்தான் தரப்படும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எல்லா அறநிறுவனங்களுக்கும் அது இருப்பதில்லை. கோயில் உண்டியலில் போட்டதற்கு வரிக்கழிவு கேட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. புண்ணியக் கணக்கு வேறு, வருவாய் ஆணையத்தின் கணக்கு வேறு.

பணத்தின் பலவீனம், அதில் ஜிம்முக்கென்று ஒன்றும் இல்லை என்பது. பலசரக்குக் கடைக்காரரும் இதையே செய்யலாம். ஆனால் அறநிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால், நிபந்தனையில்லாமல் வரும் பணம்தான் அவர்களுக்கு மிகவும் வசதி என்பார்கள். மின்கட்டணம் கட்டவும் வேன் பழுதுபார்க்கவும் யாரும் தனியாக நிதி திரட்டித் தருவதில்லை.

நம்மவர்களிடம் மட்டும் அதிகம் பார்க்கிற ஒன்று: 'என் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் செய்கிறேன், உறுப்பினர்கள் எல்லாரும் ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள்' என்பது. உங்கள் சொந்தப் பணத்தை மன்னார்குடிக்கோ பட்டுக்கோட்டைக்கோ அனுப்புவது உங்கள் விருப்பம். வரிக்கழிவு கிடைக்காது, மற்றபடி தொந்தரவு இல்லை. ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்பதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அப்படித் திரட்டுவதில் பொதுவாக 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. வரவேற்பு மேசையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துவிட்டு 'ஊர்ப் பள்ளிக்காக' என்று எழுதி ஒட்டுவது நல்லெண்ணம்தான். ஆனால் சட்டத்தின் தவறான பக்கத்தில் போய் நிற்க நேரிடும்.

நிதி திரட்டும் உடற்பயிற்சி நிகழ்ச்சி

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். என் பட்டியலில் கடைசி இடமும் இதற்குத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். நூறு பேர், ஆளுக்கு 30 வெள்ளி, வரவு 3,000. டி-சட்டை ஒன்று 9 வெள்ளி என்றால் 900. ஒலிபெருக்கி, கூடாரம் 600. முதலுதவிக்காரர் 300. வாழைப்பழம், தண்ணீர், ஐசோடானிக் பானம் 200. ஆக 2,000 போய்விட்டது. அறநிறுவனத்துக்குப் போவது 1,000. இந்த விலைகள் என் ஊகம்தான், கூடலாம் குறையலாம். ஆனால் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் செலவு வரவைத் தின்பது நான் கணக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இங்கே அறநிறுவனங்களுக்கு 30/70 என்று ஒரு விதி இருக்கிறது. நிதி திரட்டும் செலவு, திரண்ட தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மேலே போட்ட கணக்கில் செலவு மூன்றில் இரண்டு பங்கு. எந்த நல்ல அறநிறுவனமும் இதற்குத் தன் பெயரைத் தர யோசிக்கும்.

அப்புறம் எழுத்து வேலை. வியாபாரம் செய்யும் ஒருவர் 'இந்த வகுப்புக் கட்டணத்தில் இவ்வளவு இன்ன அறநிறுவனத்துக்கு' என்று விளம்பரப்படுத்தினால், முதலில் அந்த நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். 'வருமானத்தில் ஒரு பகுதி நற்பணிக்கு' என்று மொட்டையாகப் போடுவது சரியல்ல. எவ்வளவு, யாருக்கு என்று சொல்லுங்கள். பூங்காவில் நடத்துவதானால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் தேவைப்படும்.

நிகழ்ச்சி நடத்தவே கூடாது என்று சொல்லவில்லை. புது உறுப்பினர்கள் வருவார்கள், பழையவர்கள் உற்சாகமாவார்கள். ஆனால் அதை விளம்பரச் செலவில் எழுதுங்கள், நன்கொடைக் கணக்கில் வேண்டாம். மனசாட்சிக்கும் அதுதான் நல்லது.

இதற்குள்ளேயே நல்ல மாற்று ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சியை நீங்கள் நடத்தாமல், ஏற்கெனவே நடக்கும் ஒன்றுக்கு ஆட்களைத் தயார்படுத்துங்கள். சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் நிதி திரட்ட ஓட்டங்கள் நடத்திவந்திருக்கிறது. சாங்கி சிறை வளாகத்தை ஒட்டி நடக்கும் மஞ்சள் நாடா ஓட்டம் முன்னாள் கைதிகளின் மறுவாழ்வுக்காக. கூடாரம், காவல்துறை அனுமதி, சாலைத் தடுப்பு எல்லாம் அவர்கள் தலைவலி. ஓடத் தெரியாத நாற்பது வயதுக்காரரைப் பத்து வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைப்பது உங்கள் தொழில். உறுப்பினர்கள் கட்டும் நுழைவுக் கட்டணமும் திரட்டும் பணமும் நேராக உரியவர்களிடம் போகும்.

புளோக்கின் கீழே இலவச வகுப்பு

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலை இலவச வகுப்பு. பார்க்க அழகாக இருக்கும். நகர மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும், ஒலிபெருக்கியை அடக்கி வாசிக்க வேண்டும், மற்றபடி செலவு குறைவு.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. சிங்கப்பூரில் இலவச உடற்பயிற்சி வகுப்புக்குப் பஞ்சமா இருக்கிறது? சுகாதார மேம்பாட்டு வாரியம் பூங்காக்களிலும் கடைத்தொகுதிகளிலும் வாராவாரம் நடத்துகிறது. சமூக மன்றங்களில் நற்பணிச் செயற்குழுக்கள் யோகாவும் பாலிவுட் நடனமும் மலிவாக வைக்கின்றன. ஆக்டிவ்எஸ்ஜி கூடங்களில் நுழைவே சில வெள்ளிதான். இத்தனைக்கும் நடுவில் நீங்கள் போய் இன்னொன்றைத் தொடங்கினால், வருகிறவர்கள் ஏற்கெனவே மூன்று வகுப்புக்குப் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். வீட்டை விட்டு வெளியே வராதவர் உங்கள் ஒலிபெருக்கியைக் கேட்டு மட்டும் இறங்கி வரப்போவதில்லை.

இல்லாத ஒன்றைக் கொடுத்தால் கதை வேறு. தமிழில் சொல்லித்தரும் மூத்தோர் வகுப்புகளும், இரவுவேலை முடிந்து வருகிறவர்களுக்கான வகுப்புகளும் குறைவு. அதற்கு ஆள் தேவை.

பகல் நேரத்தை மூத்தோருக்குத் திறந்துவிடுவது

எனக்குப் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். நம் சமூகத்துக்குக் கூடுதல் கவலை ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு உள்ள இந்தியர்கள் 17.2 விழுக்காடு, சீனர்களோ 9.7 விழுக்காடு. நீரிழிவுக்கு எதிரான போர் என்று 2016இல் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து இதைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. நடையைப் பற்றியும் நிறையப் பேசிவிட்டோம். அதிகம் பேசாதது தசை. உண்ட சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்குவது தசைதான். வயது ஏற ஏறத் தசை கரைகிறது. கால் தசை கரைந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது, குளியலறையில் வழுக்கினால் நிமிர்ந்துகொள்ளவும் பலம் இருக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி எல்லாப் பெரியவர்களுக்கும் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியோடு சேர்த்து வாரம் மூன்று நாள். பூங்காவில் நடக்கிற தாத்தாக்கள் நிறையப் பேர். எடை தூக்குகிற தாத்தாக்கள் எத்தனை பேர்?

இதற்கு வேண்டியதெல்லாம் ஜிம்மில் இருக்கிறது, அதுவும் யாரும் இல்லாத நேரத்தில். மூத்தோருக்கும் அந்த நேரமே தோது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாயிற்று, தேக்கா சந்தையில் மீன் வாங்கி வீட்டில் வைத்தாயிற்று, மதியச் சமையலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பத்தரை மணி வகுப்புக்கு வருவார்கள்.

வகுப்பு எப்படி இருக்கும்? பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாற்காலியின் முதுகு சுவரைத் தொடுகிற மாதிரி வரிசையாகப் போட வேண்டும். வெறும் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டால், எழும்போது அது பின்னால் சறுக்கும். முதல் பயிற்சி எழுந்து உட்காருவதுதான். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணி எழுதிக்கொள்வது. இது உலகெங்கும் முதியோர் மருத்துவத்தில் பயன்படுத்தும் சோதனை. பலருக்கு முதல் நாள் கையை ஊன்றாமல் எழவே வராது. அப்புறம் ரப்பர் பட்டையை இழுப்பது, சின்ன எடையோடு படி ஏறி இறங்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. 'மூச்ச அடக்காதீங்கம்மா, எண்ணிக்கிட்டே செய்ங்க' என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். தமிழில் எண்ணினால் வகுப்பே கலகலப்பாகிவிடும் என்பது கூடுதல் லாபம்.

செருப்போடு வருவார்கள், அதோடு பயிற்சி செய்ய விடாதீர்கள். சேலையில் வருகிற பாட்டிமாரைத் திருப்பி அனுப்பாதீர்கள், நாற்காலிப் பயிற்சிக்குச் சேலை தடையில்லை. படி ஏறும் பயிற்சிக்கு மட்டும் முந்தானையை இடுப்பில் செருகச் சொன்னால் போதும். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் யார் யார் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். இனிப்புப் பானம் இரண்டு பாக்கெட் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் அதை உடனே கொடுக்க வேண்டும். வகுப்பு முடிந்து தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) குடிக்கிற பழக்கம் வேறு, இது வேறு.

சரி, இவர்களை எங்கே பிடிப்பது? நீங்களே சுவரொட்டி ஒட்டித் தேடாதீர்கள். தீவு முழுக்க 200க்கும் மேற்பட்ட துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளின் கீழேயே இருக்கும், 60 வயது தாண்டியவர்கள் போகலாம். அவற்றை நடத்துவது பெரும்பாலும் அறநிறுவனங்கள். யார் தனியாக இருக்கிறார், யாருக்கு முட்டி அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, யார் இரண்டு வாரமாக வரவில்லை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நீங்கள் இடமும் பயிற்றுநரும் கொடுங்கள், ஆட்களை அவர்கள் அழைத்து வரட்டும். வராதவருக்குத் தொலைபேசியில் கூப்பிட ஒரு ஆள் இருந்தால்தான் ஐந்தாவது வாரத்திலும் வகுப்பு நடக்கும்.

ஒரு இடைஞ்சல், பெரிய இடைஞ்சல்: கடைவீட்டு ஜிம்கள் பல மாடியில் இருக்கின்றன, மின்தூக்கி கிடையாது. செங்குத்தான பழைய மரப்படி. முட்டிவலிக்காரரை அதில் ஏற்றிக் கூட்டிவந்து முட்டிக்குப் பயிற்சி கொடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் ஜிம் அப்படிப்பட்டதென்றால் பயிற்றுநரை நிலையத்துக்கு அனுப்புங்கள், ரப்பர் பட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு போனால் ஆயிற்று.

செலவு? பயிற்றுநருக்கு மணிக்கு 25 வெள்ளி என்று வைப்போம். வாரம் இரண்டு மணி நேரம், வருடத்தில் 48 வாரம், மொத்தம் 2,400 வெள்ளி. அவரை இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். முதலாளி நல்ல பெயர் வாங்க ஊழியர் ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்வது எந்த வகை அறம் என்று எனக்குப் புரிந்ததில்லை. ஐபிசி அமைப்புக்கு ஊழியர்களை அனுப்பித் தொண்டு செய்தால் அவர்களின் சம்பளத்துக்கும் 250 விழுக்காடு கழிவு தரும் நிறுவனத் தொண்டூழியத் திட்டம் ஒன்று இருக்கிறது. சம்பளம் எப்படியும் செலவுக் கணக்கில் போகும், கூடுதலாகக் கிடைப்பது 150 விழுக்காடு. நம் ஜிம்முக்கு அது 3,600 வெள்ளிக் கழிவு, வரியில் 306 வெள்ளி. அந்த அமைப்பின் சம்மதம், நேரப் பதிவு, சான்று எல்லாம் வேண்டும். பகுதிநேர ஃப்ரீலான்ஸ் பயிற்றுநரை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள், திட்டம் ஊழியர்களுக்கானது. பெரிய நிறுவனத்துக்கு இது லாபம். உங்களுக்கு அந்த 306 வெள்ளிக்காக ஓட வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நானாக இருந்தால் விட்டுவிடுவேன். இலவசமாகத் திறந்துவிடும் இடத்துக்கோ, கொடுத்துவிடும் பழைய டம்பெல்லுக்கோ நன்கொடைக் கழிவு கிடைக்காது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை மறக்க வேண்டாம். உங்கள் பொதுப்பொறுப்புக் காப்பீடு, கட்டணம் கட்டாத விருந்தினர்களுக்கும் பொருந்துமா, வெளியிடத்தில் நடத்தும் வகுப்புக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயிற்றுநருக்கு முதலுதவி, இதய இயக்க மீட்புச் சான்றிதழ் நடப்பில் இருக்க வேண்டும். உடல்நலக் கேள்வித்தாளை ஒவ்வொருவரும் நிரப்ப வேண்டும், எழுதத் தெரியாதவருக்குத் தமிழில் கேட்டு நிரப்பிக்கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர்கள்

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைப் பார்க்கிற எந்த ஜிம்காரருக்கும் இந்த யோசனை வரும். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பையன்கள், நம் மொழி பேசுகிறவர்கள். 'வாங்க தம்பி, ஞாயிற்றுக்கிழமை நம்ம ஜிம் உங்களுக்கு இலவசம்' என்று சொல்ல ஆசையாக இருக்கும்.

ஆசை நல்லது, ஆனால் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். ஆறு நாள் கம்பி கட்டிச் சுமை தூக்கியவருக்கு ஏழாவது நாள் பார்பெல் தேவையா? சிலருக்குத் தேவைதான், ஆசையாகக் கேட்பார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சுளுக்கு உங்கள் உறுப்பினருக்கு வரும் சுளுக்கு மாதிரி இல்லை. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் இரண்டு நாள் நொண்டிக்கொண்டு கணினி முன் உட்காருவார். இவருக்கு அந்த வாரத்து ஓவர்டைம் போகும். வேலையிடக் காயமாக இல்லாததால் வேலைக்காய இழப்பீடும் பொருந்தாது. கனமான எடை, போட்டி, 'இன்னும் ஒன்று போடு' என்கிற உசுப்பேற்றல் எதுவும் இங்கே கூடாது.

இரண்டாவது, தூரம். துவாஸிலிருந்தும் கிராஞ்சியிலிருந்தும் வருகிறவர் ஒரே விடுமுறை நாளில் சாமான் வாங்கணும், பணம் அனுப்பணும், கோயிலுக்குப் போகணும், வீட்டுக்குக் காணொளியில் பேசணும். உங்கள் வகுப்புக்கு நேரம் எங்கே? விடுதிகளிலும் பொழுதுபோக்கு நிலையங்களிலும் ஓரளவு கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே போய் முதுகு, தோள்பட்டை வலிக்கு அரைமணி நேர நீட்சிப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதும், சுமை தூக்கும்போது இடுப்பை எப்படி மடக்குவது என்று காட்டுவதும் அதிகப் பயன். விடுதி நடத்துநர் வழியாகவோ வெளிநாட்டு ஊழியர் நிலையம் வழியாகவோ போங்கள். கபடி, கிரிக்கெட் போட்டிக்கு ஒரு மாலை முதலுதவிக்காரராக நில்லுங்கள், அதற்கு நன்றியோடு இருப்பார்கள்.

உங்கள் கூடம் காக்கி புக்கிட் மாதிரித் தொழிற்பேட்டையில், விடுதிக்குப் பக்கத்திலேயே இருந்தால் என் தரவரிசை மாறும். அப்போது மூத்தோருக்கு முன்னால் இவர்களை வைப்பேன்.

பிள்ளைகளுக்கு இலவச இடம், வேலைவாய்ப்பு

வருமானம் குறைந்த குடும்பத்துப் பதின்ம வயதினர் மூன்று பேருக்கு இலவச உறுப்பினர் அட்டை. குடும்ப சேவை நிலையமோ சிண்டாவோ ஆளைப் பரிந்துரைக்கட்டும், பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். அட்டையின் நிறம்கூட மற்றவர்களுடையதைப் போலவே இருக்கட்டும். படம் எடுத்துப் போடாதீர்கள், சம்மதம் இல்லாமல் போட்டால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும். செலவு கிட்டத்தட்ட இல்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனாலேயே எனக்கு இது பிடிக்கும்.

சிறையிலிருந்து வந்தவருக்கு வேலை கொடுப்பது இன்னொரு வழி. மஞ்சள் நாடா அமைப்பு ஆட்களை அறிமுகப்படுத்தும். இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆஷ்ரம் இடைநிலை இல்லத்திலும் விசாரிக்கலாம். உள்ளே உடற்பயிற்சியைப் பிடித்துக்கொண்டு தேறிய ஆட்கள் இருப்பார்கள். ஆனால் இதை நன்கொடையோடு ஒப்பிடவே கூடாது. இது சம்பளம், விடுப்பு, மத்திய சேம நிதி எல்லாம் உள்ள வேலை. ஆள் தேவை இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், இரக்கத்துக்காக எடுத்துவிட்டு ஆறு மாதத்தில் நிறுத்தினால் அவருக்குத்தான் அடி.

எதைத் தேர்ந்தெடுப்பது

கற்பனை ஜிம்மின் 5,000 வெள்ளிக்கு என் பங்கீடு இது. 2,400 வெள்ளி மூத்தோர் வகுப்புப் பயிற்றுநர் சம்பளத்துக்கு. 600 வெள்ளி நாற்காலி, ரப்பர் பட்டை, முதலுதவிப் பயிற்சி, காப்பீட்டில் கூடுதலாகக் கேட்டால் அதற்கு. மீதி 2,000 வெள்ளியை ஐபிசி தகுதி உள்ள ஒரு அமைப்புக்கு, முடிந்தால் அந்த மூத்தோர் நிலையத்தை நடத்தும் அமைப்புக்கே, பணமாக. மூன்று இலவச இளையர் இடம், சத்தமில்லாமல். நிகழ்ச்சி வேண்டுமென்றால் விளம்பரப் பணத்தில்.

லாபம் ஏறி இறங்குகிற ஜிம்மாக இருந்தால் வகுப்பை இப்போது தொடங்காதீர்கள். அந்த வருடம் பணமாகக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் ஒரு வருடம் வந்து அடுத்த வருடம் வராவிட்டால் அறநிறுவனம் சமாளித்துக்கொள்ளும். கையை ஊன்றாமல் எழப் பழகிக்கொண்டிருக்கும் எழுபது வயதுக்காரர், வகுப்பு நின்றால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்கே போய்விடுவார். அதனால் நிலையத்தோடு பேசும்போது முதலில் ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பயிற்றுநர் விடுப்பில் போனால் யார் எடுப்பார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். தீபாவளி வாரம், சீனப் புத்தாண்டு வாரம், தைப்பூச நாள் வகுப்பு கிடையாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தைப்பூசத்தன்று காலை பத்தரைக்கு நாலு பாட்டிமார் பூட்டிய கதவு முன் நிற்பார்கள். உங்கள் பயிற்றுநரோ சிராங்கூன் சாலையில் தம்பியின் காவடிக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார்.